திரவத் தாரையும் ஏற்றமுள்ள கோலும்: முனைவுத்தன்மைப் பரிசோதனையைப் பிழையின்றிச் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

அளவியிலிருந்து (அடியில் திருகுவாயுள்ள ஒடுங்கிய கண்ணாடிக் குழாய்) நூல்போல ஒழுகும் நீர்த்தாரையின் அருகே கம்பளியில் தேய்த்த பிளாஸ்டிக் கோலைக் கொண்டுசென்றால் தாரை கோலை நோக்கி வளைகிறது. ஐதரோகாபன் திரவமான எட்சேனின் தாரையருகே அதே கோலைக் கொண்டுசென்றால் தாரை நேராகவே விழுகிறது. உயர்தர இரசாயனவியல் வகுப்பில் மூலக்கூறுகளின் முனைவுத்தன்மையை, அதாவது மூலக்கூறின் ஒருபுறம் சிறு நேர் ஏற்றமும் மறுபுறம் சிறு மறை ஏற்றமும் இருக்கும் இயல்பை, கற்பிக்கையில் செய்துகாட்டப்படும் இப்பரிசோதனைக்கு ஐந்து நிமிடம் போதும் என்றுதான் முதன்முறை செய்யும் எவரும் எண்ணுகிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் இதைப் பலமுறை செய்தும், பிறர் செய்யப் பார்த்தும் நான் கண்டது வேறு. நீர் வளையாமல் நிற்பதும், வளையக்கூடாத திரவம் வளைவதும், எல்லாம் சரியாக நடந்த பின் காரணத்தைப் பிழையாக எழுதுவதும் இங்கே வழக்கமாக நடப்பவை. இவற்றுள் பெரும்பாலானவை வேலையின் வரிசை மாறுவதால் வருகின்றன. ஆகவே கீழே தரப்பட்டுள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

1. நாளையும் நேரத்தையும் முதலில் தெரிவுசெய்க

எமது பக்கத்தில் இப்பரிசோதனையின் முதல் எதிரி காற்றிலுள்ள ஈரம். ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் இருக்க, தேய்த்த கோலின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. கோலில் சேர்ந்த ஏற்றம் அந்தப் படலத்தின் வழியே கைக்கும், கையிலிருந்து புவிக்கும் கசிந்துவிடுகிறது. சார் ஈரப்பதன் 60 சதவீதத்தைத் தாண்டியதும் கோலை ஏற்றுவது கடினமாகிறது. வடகீழ்ப் பருவமழை பெய்யும் நவம்பர் முதல் ஜனவரி வரையான மாதங்களில், திறந்த சாளரங்களுள்ள ஆய்வுகூடத்தில் இதை முயலாமல் விடுவதே மேல்.

மார்கழி மாதமொன்றில், வாவிக்கரையோரப் பாடசாலை ஒன்றில், வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கையில் நான் இதைச் செய்துகாட்ட முற்பட்டேன். கோலை எவ்வளவு தேய்த்தும் நீர்த்தாரை அசையவில்லை. முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, "அப்ப தண்ணி முனைவில்லாததா, சேர்?" என்று கேட்டாள். கண்டதை வைத்துக் கேட்ட கேள்வி என்பதால் அவளைக் குறைசொல்ல இடமில்லை. பிழை நாளைத் தெரிவுசெய்த என்னுடையது.

மே முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, உடம்புக்கு எவ்வளவு தொல்லையாக இருந்தாலும், இந்த வேலைக்கு வரம். அது வீசும் நாளில் காலை பத்து மணிக்குப் பின், கடற்காற்று உள்ளே நுழையுமுன் பரிசோதனையை முடித்துவிட வேண்டும். விடியற்காலையில் ஈரப்பதன் மிகக் கூடுதலாக இருக்கும் என்பதால் முதற் பாடவேளை பொருந்தாது. குளிரூட்டிய அறை கிடைத்தால் மாதத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

2. கோலையும் துணியையும் சோதித்த பின்னரே திரவத்தைத் தொடுக

ஆய்வுகூட அலுமாரியில் இருக்கும் எபனைற்றுக் (கடின இறப்பர்) கோல் பெரும்பாலும் பழையதாக இருக்கும். ஒளிபட்டு நிறம் மங்கிய எபனைற்றின் மேற்பரப்பு ஈரத்தை இழுத்துக்கொள்வதால் அது ஏற்றத்தை வைத்திருப்பதில்லை. இதற்கு மாற்றாக ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் அரை அங்குல எஸ்லோன் குழாயில் 30 ச.மீ. நீளத் துண்டொன்றை வெட்டி, சவர்க்காரமிட்டுக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுத்துக்கொள்க. பிவிசியால் ஆன அந்தக் குழாய் கம்பளியில் தேய்க்கப்படும்போது வலுவான மறை ஏற்றம் பெறுகிறது.

கம்பளிக்கு எங்கே போவது என்று இங்கே எல்லோரும் கேட்பார்கள். நுவரெலியாப் பயணத்தில் வாங்கி, அதன்பின் ஒருநாளும் அணியாத தொப்பி ஏதாவதொரு வீட்டில் கட்டாயம் இருக்கும். அதுவும் இல்லாவிட்டால் எண்ணெய் பூசாத உலர்ந்த தலைமுடியே போதும். துணியைத் தேய்க்குமுன் ஸ்திரிகைப் பெட்டியால் மெல்லச் சூடாக்கினால் அதிலுள்ள ஈரம் நீங்கும்.

குழாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையின் 15 ச.மீ. பகுதியை ஒரே திசையில் விரைவாக இருபது தடவை தேய்க்க வேண்டும். தேய்த்த பகுதியைக் கையால் தொடக்கூடாது. பின்னர் மேசையில் தூவிய சிறிய கடதாசித் துண்டுகளுக்கு மேலே 5 ச.மீ. உயரத்தில் கோலைப் பிடித்துப் பார்க்கவும். துண்டுகள் துள்ளி ஒட்டிக்கொண்டால் கோல் ஆயத்தமாகிவிட்டது. ஒட்டாவிட்டால் தலைமுடி உலர்த்தியால் கோலையும் துணியையும் சூடாக்கி மீண்டும் தேய்க்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத கோலைக் கொண்டு திரவங்களை ஒப்பிடுவது, தராசைச் சரிபார்க்காமல் நெல் நிறுப்பதைப் போன்றது.

3. திரவங்களைத் தெரிவுசெய்தல்

முனைவுள்ள திரவங்களுக்கு நீர், எதனோல், அசற்றோன் ஆகிய மூன்றும் போதும். மூலக்கூறு எவ்வளவு முனைவுள்ளது என்பதன் அளவான இருமுனைவுத் திருப்புதிறன்கள் அவற்றுக்கு முறையே 1.85, 1.69, 2.88 டெபாய் ஆகும். திரவம் மின்புலத்தை எவ்வளவு தணிக்கிறது என்பதைக் காட்டும் சார் அனுமதித்திறன்கள் அறைவெப்பநிலையில் ஏறத்தாழ 80, 24, 21 ஆகும். இந்த இரண்டு வரிசைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்பதை இப்போதே கவனித்து வைக்கவும். பின்னர் காரணம் எழுதுகையில் இது தேவைப்படும்.

முனைவற்ற திரவங்களுக்கு எட்சேன் அல்லது சைக்கிளோஎட்சேன் உகந்தது. இவற்றில் காபனுக்கும் ஐதரசனுக்கும் இடையிலான மின்னெதிர்த்தன்மை (பிணைப்பிலுள்ள இலத்திரன்களை இழுக்கும் இயல்பு) வேறுபாடு சிறியது. இருக்கும் சிறு முனைவும் மூலக்கூறின் வடிவத்தால் ஏறக்குறைய முற்றாகத் தணிகிறது. இரண்டின் சார் அனுமதித்திறனும் 2 என்ற அளவிலேயே இருக்கிறது. பாடசாலையில் இவை இல்லாதபோது மண்ணெண்ணெயைப் பயன்படுத்தலாம். அது ஐதரோகாபன்களின் கலவை என்பதால் அதற்கென ஒற்றை மூலக்கூற்று வடிவம் கிடையாது என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்க.

பழைய குறிப்புகளில் காபன் நாற்குளோரைட்டு கூறப்பட்டிருக்கும். நான்கு பிணைப்புகளும் முனைவுள்ளவையாக இருந்தும், நான்முகி வடிவத்தின் சமச்சீரால் மூலக்கூறு முனைவற்றதாகிறது என்பதைக் காட்ட அது அழகான எடுத்துக்காட்டு. ஆயினும் அது ஈரலைப் பாதிக்கும் நஞ்சு. ஓசோன் படையைச் சிதைக்கும் பொருளென்று மொன்றியல் உடன்படிக்கையின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டதும்கூட. கரும்பலகையில் அதன் வடிவத்தை வரைந்து காட்டுவதோடு நிறுத்திக்கொள்க.

தேங்காய் எண்ணெயைக் கொண்டுவருவோரும் உண்டு. அதன் பாகுநிலை கூடுதலாக இருப்பதால் தாரை தடித்தும் மெதுவாகவும் விழுகிறது. அது வளையாதது முனைவின்மையாலா, தடிப்பாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மேலும் எண்ணெயிலுள்ள எசுத்தர்க் கூட்டங்கள் முனைவுள்ளவை. நகப்பூச்சு அகற்றியையும் தவிர்க்க வேண்டும். அதில் நீரும் வாசனைப் பொருளும் கலந்திருக்கலாம்.

4. கோலைத் தேய்ப்பதற்கு முன் தீயைப் பற்றி எண்ணுக

இப்பரிசோதனையில் தீப்பற்றும் திரவத்தின் அருகே, பொறி எழுப்பக்கூடிய ஒரு பொருளை நாமே தேய்த்துக் கொண்டுசெல்கிறோம். இதை எத்தனை ஆசிரியர்கள் வாய்விட்டுச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. எட்சேனின் தீப்பற்று வெப்பநிலை (அதன் ஆவி பொறியொன்றால் தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை) பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 22 பாகை செல்சியஸ். அசற்றோனுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக்கு அண்மையில் இருக்கிறது. ஆகவே எமது 30 பாகை அறையில் இவற்றின் ஆவி எப்போதும் தீப்பற்றத் தயாராக இருக்கிறது. எட்சேன் ஆவியை எரியவைக்க ஒரு மில்லியூலின் காற்பங்கு அளவான பொறியே போதும். நன்றாகத் தேய்த்த கோலின் அருகே விரலைக் கொண்டுபோகும்போது எழும் பொறி அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

ஆகவே ஒரு தடவைக்கு 20 மில்லிலீற்றருக்கு மேல் எடுக்கக்கூடாது. போத்தலை மூடித் தொலைவில் வைக்க வேண்டும். பன்சன் சுடரடுப்பையும் மின்விசிறியையும் அணைத்து, சாளரங்களைத் திறந்துவிட வேண்டும். கோலைத் திரவம் இருக்கும் மேசையில் தேய்க்காமல், இரண்டு மீற்றருக்கு அப்பால் தேய்த்துக் கொண்டுவர வேண்டும். கோல் தாரையின் அருகில் இருக்கையில் அதன் பக்கத்தில் எவரும் விரலையோ உலோகத்தையோ நீட்டக்கூடாது. மாணவர்கள் தாமாகச் செய்யும் வகுப்பாயின் எட்சேனை விட்டு, தீப்பற்று வெப்பநிலை 38 பாகைக்கு மேலிருக்கும் மண்ணெண்ணெயைக் கொடுப்பதே என் வழக்கம். கச்சான் காலத்துப் பகலில் அறையின் வெப்பம் அந்த எல்லையை நெருங்குவதால், அதற்கும் இதே ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும்.

5. அளவியைப் பொருத்துதல்

50 மில்லிலீற்றர் கண்ணாடி அளவியொன்றைக் கவ்வியில் நிலைக்குத்தாகப் பொருத்துக. அக்கிரிலிக்கு அளவி வேண்டாம். அசற்றோன் அதைக் கரைத்து மங்கவைக்கும். கண்ணாடித் திருகுவாயில் பூசிய கிறீசும் எட்சேனில் கரையும். ஆகவே தெஃப்லோன் திருகுவாயுள்ள அளவி கிடைத்தால் அதுவே நல்லது.

அளவிகள் எத்தனை திரவங்களோ அத்தனை இருக்க வேண்டும். ஓர் அளவியே இருந்தால் அதை முற்றாக உலர்த்திய பின், முனைவற்ற திரவத்திலிருந்து தொடங்க வேண்டும். புதியவர்கள் வழக்கமாக நீரைத்தான் முதலில் ஊற்றுகிறார்கள். நீர் கையருகே இருப்பதும், வளைவை உடனே பார்க்கும் ஆசையும் அதற்குக் காரணம். பின்னர் அதே அளவியைச் சற்றே வடித்துவிட்டு மண்ணெண்ணெயை ஊற்றும்போது, சுவரிலும் திருகுவாயிலும் ஒட்டியிருந்த நீர் சிறு துளிகளாகத் தாரையோடு கலந்து இறங்குகிறது. அதன் பின் மண்ணெண்ணெயும் நடுங்கி நடுங்கி வளையும்.

தாரைக்குப் பின்னால் 1 ச.மீ. இடைவெளியில் கோடுகள் வரைந்த வெள்ளை அட்டையை நிறுத்தவும். விலகலை எண்ணாகக் குறித்தாலன்றி நான்கு திரவங்களை ஒப்பிட முடியாது. அளவியின் மேல்வாயினூடாக மெல்லிய செப்புக் கம்பியொன்றைத் திரவத்துள் இறக்கி, மறுமுனையை உலோக நீர்க்குழாயோடு கட்டிப் புவித்தொடுப்புச் செய்க. இந்தக் கம்பியை எவரும் போடுவதில்லை. அதன் தேவை 9ஆம் பகுதியில் விளங்கும்.

6. முனைவற்ற திரவத்தை முதலில் விடுக

அளவியில் 20 மில்லிலீற்றருக்கு மேற்படாமல் திரவத்தை ஊற்றி, தாரை துளியாக உடையாமல் ஏறத்தாழ 1 மி.மீ. தடிப்பில் தொடர்ச்சியாக விழும் அளவுக்குத் திருகுவாயைத் திறக்கவும். தடித்த தாரையின் திணிவு கூடுதல் என்பதாலும், அது வேகமாகக் கடந்துவிடுவதாலும் எந்தத் திரவமாயினும் குறைவாகவே விலகும். நீரை மெல்லியதாகவும் மண்ணெண்ணெயைத் தடிப்பாகவும் விட்டுவிட்டு, வேறுபாட்டை முனைவுத்தன்மையின் கணக்கில் எழுதுவது நான் அடிக்கடி காணும் பிழை.

ஏற்றிய கோலை, திருகுவாயின் நுனியிலிருந்து 3 ச.மீ. கீழே, தாரையிலிருந்து 2 ச.மீ. தூரத்தில் கிடையாகப் பிடிக்க வேண்டும். கோல் தாரையைத் தொட்டுவிட்டால் அந்த வாசிப்பைத் தள்ளிவிட்டு, கோலைத் துடைத்துக் காயவைத்து மீண்டும் தொடங்க வேண்டும். ஒவ்வொரு திரவத்துக்கும் கோலைப் புதிதாகத் தேய்ப்பதும், ஒவ்வொரு முறையும் கடதாசிச் சோதனையைச் செய்வதும் அவசியம். முனைவற்ற திரவம் வளையவில்லை என்று எழுதுவதற்கு உரிமை வேண்டுமாயின், அந்தக் கணத்தில் கோலில் ஏற்றம் இருந்தது என்பதற்குச் சான்று கையில் இருக்க வேண்டும்.

7. அசற்றோன், எதனோல், நீர் என்ற ஒழுங்கில் தொடர்க

முனைவற்ற திரவத்தை அகற்றிய பின் அளவியை அசற்றோனால் கழுவினால், அசற்றோன் எட்சேனோடும் நீரோடும் கலக்கும் இயல்புடையது என்பதால் இடைநிலைக் கழுவலாகவும் அது பயன்படும். அடுத்து எதனோல், கடைசியில் நீர். இவ்வாறு செய்தால் முன்னைய திரவத்தின் எச்சம் அடுத்ததைக் குழப்புவதில்லை.

மூன்று தாரைகளும் கோலை நோக்கித் தெளிவாக வளையும். நீர்த்தாரையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். கோலுக்குக் கீழே தாரை உடையும் இடத்தில் துளிகள் ஒன்றோடொன்று சேராமல் விசிறிபோல விரிகின்றன. சில துளிகள் வளைந்து சென்று கோலின் அடிப்புறத்தில் பட்டுத் தெறிக்கின்றன. ஒரே ஏற்றமுள்ள துளிகள் ஒன்றையொன்று தள்ளுவதால்தான் அந்த விரிவு உண்டாகிறது. பரிசோதனையின் உண்மையான காரணம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

8. கோலின் ஏற்றத்தை மாற்றிப் பார்க்க

உலர்ந்த கண்ணாடிக் கோலைப் பட்டுத்துணியால் தேய்த்து நேர் ஏற்றம் பெறச் செய்து, அதை நீர்த்தாரையின் அருகே கொண்டுவருக. இப்போதும் தாரை கோலை நோக்கியே வளைகிறது. மறை ஏற்றம் இழுத்தால் நேர் ஏற்றம் தள்ள வேண்டும் என்று எதிர்பார்த்திருந்தவர்கள் இந்த இடத்தில் குறிப்பேட்டை மாற்றி எழுதுகிறார்கள். கண்டதைக் கண்டபடி எழுதுமாறு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கண்ணாடி எமது காலநிலையில் ஏற்றத்தை விரைவில் இழப்பதால் விலகல் சிறியதாக இருக்கும். தேய்த்த பத்துச் செக்கன்களுக்குள் அளந்துவிடுக.

9. தாரையில் ஏற்றம் இருக்கிறதா என்று சோதிக்க

இந்தப் படியைப் பெரும்பாலான வகுப்புகள் தவிர்த்துவிடுகின்றன. எனக்கு இதுவே முழுப் பரிசோதனையிலும் மிக முக்கியமான படி. சிறிய தகரப் பேணியொன்றை ரெஜிபோம் துண்டின்மேல் வைத்து, கம்பியால் பொன்னிலை மின்காட்டியின் (ஏற்றம் பெறும்போது மெல்லிய இலைகள் விரியும் கருவி) தட்டோடு இணைக்கவும். மின்காட்டி இல்லையேல் ஜாம் போத்தலில் இரண்டு மெல்லிய அலுமினியத் தாள்களைத் தொங்கவிட்டுச் செய்துகொள்ளலாம். பேணியையும் மின்காட்டியையும் ஏற்றிய எஸ்லோன் கோலால் தொட்டு மறை ஏற்றம் கொடுத்து, இலைகளை விரியச் செய்க.

பின்னர் நீர்த்தாரையைப் பேணியுள் விழவிட்டு, பேணியிலிருந்து முடிந்தவரை உயரத்தில், தாரையின் மேற்பகுதியருகே மறை ஏற்றமுள்ள கோலைப் பிடிக்கவும். சில செக்கன்களில் இலைகள் மெல்ல ஒடுங்கி, மூடி, மீண்டும் விரியும். திருகுவாயை மூடிய பின் கோலை அப்பால் கொண்டுசென்றாலும் விரிவு மாறாது. மூடி மீண்டும் விரிந்ததால், விழுந்த நீர் நேர் ஏற்றம் உடையது என்பது உறுதியாகிறது. மறை ஏற்றமுள்ள கோல் நீரிலுள்ள நேர் அயன்களைத் தாரையின் நுனிப்பக்கம் இழுத்து, மறை ஏற்றத்தை அளவியின் வழியே மேலே தள்ளிவிட்டது. துளி பிரிந்த கணத்தில் அந்த நேர் ஏற்றம் துளியோடு சிறைப்பட்டது.

இப்போது செப்புக் கம்பியின் தேவை விளங்கும். மேலே தள்ளப்படும் ஏற்றம் வெளியேற வழியில்லாவிட்டால் அது அளவிக்குள்ளேயே தேங்கி, உலர்ந்த நாளில் சில செக்கன்களுக்குள் விலகலைக் குறைத்துவிடும். கம்பியைக் கழற்றியும் மாட்டியும் பார்ப்பது நல்ல கிளைப் பரிசோதனை. இன்னொன்று: புவித்தொடுப்புச் செய்த தகரத் தகடொன்றால் தாரையின் மேற்பகுதியை மறைத்து, ஏற்கெனவே துளிகளாக உடைந்துவிட்ட கீழ்ப்பகுதிக்கு மட்டும் கோலைக் காட்டினால் விலகல் வெகுவாகக் குறைந்துவிடும். நீர் மூலக்கூறுகளின் முனைவுத்தன்மை மேலும் கீழும் ஒன்றுதானே.

10. காரணத்தை எழுதுதல்

கோலின் மின்புலத்தில் முனைவுள்ள மூலக்கூறுகள் திரும்பி ஒழுங்காக அடுக்கப்பட்டு, அவற்றின் எதிரேற்ற முனைகள் கோலால் இழுக்கப்படுகின்றன என்பதே வழக்கமாக எழுதப்படும் விடை. அதில் சொல்லப்படும் திரும்பல் உண்மைதான். ஆனால் இருமுனைவொன்றின் இரு முனைகளிலும் சமமான எதிரெதிர் ஏற்றங்கள் இருப்பதால், சீரான மின்புலத்தில் அதன் மீது மொத்த விசை எதுவும் இல்லை. புலம் இடத்துக்கிடம் மாறும்போது மட்டுமே, இரண்டு இழுவைகளின் சிறு வித்தியாசம் விசையாக எஞ்சுகிறது.

அந்தச் சிறு விசை எவ்வளவு என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தேன். 1 மி.மீ. ஆரையுள்ள நீர்த்துளி, மீற்றருக்கு 5 இலட்சம் வோற்று மின்புலத்தில், 2 ச.மீ. தூரத்துக்குள் புலம் கணிசமாக மாறும் இடத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஏற்றமற்ற துளி மீதான இழுவை அதன் நிறையில் ஏறத்தாழ 3 சதவீதம் மட்டுமே வருகிறது. அதே புலத்தால் தூண்டப்பட்ட ஏற்றத்தைத் துளி சுமந்திருந்தால் இழுவை அதன் நிறையின் அரைப்பங்கையும் தாண்டுகிறது. இருபது மடங்களவு வேறுபாடு. கண்ணுக்குத் தெரியும் வளைவை உண்டாக்குவது எது என்பதில் இதற்குமேல் ஐயம் கொள்ள இடமில்லை.

அப்படியாயின் முனைவுத்தன்மைக்கு இதில் பங்கே இல்லையா என்ற கேள்வி எழும். பங்கு உண்டு, ஆனால் அது ஒரு படி தள்ளி நிற்கிறது. முனைவுள்ள திரவம் அயன்களைச் சூழ்ந்து தாங்கக்கூடியது. மிகத் தூய நீரிலும் நீர் மூலக்கூறுகள் தாமாகப் பிரிந்து தரும் அயன்கள் இருக்கின்றன. அந்த அயன்கள் நகர்ந்து ஏற்றத்தை மறுபங்கீடு செய்ய எடுக்கும் நேரத்தை, திரவத்தின் அனுமதித்திறனை அதன் கடத்துதிறனால் பிரித்துப் பெறலாம். மிகத் தூய நீருக்கு அது ஏறத்தாழ 0.1 மில்லிசெக்கன். தாரை கோலைக் கடக்க எடுக்கும் நேரமோ 0.1 செக்கன் அளவானது. ஆகவே நீருக்கு ஏற்றம் பெற அவகாசம் தாராளமாக இருக்கிறது. எட்சேனில் அயன்கள் ஏறக்குறைய இல்லை. அங்கே அதே மறுபங்கீட்டுக்குப் பல செக்கன்கள் முதல் நிமிடங்கள் வரை தேவைப்படுவதால், ஏற்றம் நகருமுன் தாரை முகவையில் விழுந்துவிடுகிறது.

இருமுனைவுத் திருப்புதிறனுக்கு நேர்விகிதசமமாக விலகல் அமையும் என்று வரைபு வரைவோர் ஏமாறுவதும் இதனால்தான். 2.88 டெபாய் உள்ள அசற்றோன் 1.85 டெபாய் உள்ள நீரைவிட ஒன்றரை மடங்கு வளைவதில்லை. ஏற்றம் பெறுவதற்குப் போதிய கடத்துதிறன் வந்துவிட்டால், அதற்கு மேல் விலகலைத் தாரையின் தடிப்பும் வேகமும் அடர்த்தியும் கோலின் தூரமுமே தீர்மானிக்கின்றன. மாணவர்களிடம் நான் கேட்பது, முதலில் மூலக்கூறின் முனைவை விளக்கி, அதன்பின் அயன்களையும் தூண்டப்பட்ட ஏற்றத்தையும் சேர்த்து எழுதும் விடையை. முதற்பகுதியோடு நிறுத்தினால் மின்காட்டியின் இலைகள் ஏன் விரிந்தன என்பதற்கு அவர்களிடம் பதில் இருக்காது.

முனைவற்ற திரவத்தில் ஏற்றம் மெதுவாக நகர்கிறது என்பதற்கு மறுபக்கமும் உண்டு. ஊற்றும்போது உராய்வினால் மண்ணெண்ணெய் பெற்ற ஏற்றம் எளிதில் கசிந்து போவதில்லை. வாழைச்சேனைப் பக்கம் வள்ளத்து எஞ்சினுக்கு எரிபொருள் நிரப்புவோர் பிளாஸ்டிக் கலனை நிலத்தில் வைத்து, குழாயை அடிவரை விட்டு, மெதுவாக ஊற்ற வேண்டுமென்பது இதனால்தான்.

11. எதிர்பார்த்தது நடக்காதபோது

மண்ணெண்ணெய் வளைந்தால் முதலில் ஈரத்தைச் சந்தேகிக்க வேண்டும். அளவியை 7ஆம் பகுதியில் கூறியவாறு அசற்றோனால் கழுவி, காற்றோட்டமாக உலர்த்தி, புதிய மண்ணெண்ணெயால் மீண்டும் செய்து பார்க்கவும். அதன் பின்னரும் மிகச் சிறு நடுக்கம் இருந்தால் அது இயல்பே. மண்ணெண்ணெய் தூய சேர்வை அன்று. அத்துடன் முனைவற்ற திரவத்திலும் மின்புலம் சிறிதளவு முனைவைத் தூண்டத்தான் செய்கிறது.

நீர் வளையாவிட்டால் கோலைக் கடதாசிச் சோதனைக்கு உட்படுத்துக. கோல் தேறினால் தாரையைப் பாருங்கள்: அது தடித்திருக்கும், அல்லது திருகுவாயிலிருந்தே துளித்துளியாக விழுந்துகொண்டிருக்கும். இரண்டும் சரியென்றால் கோலின் உயரத்தைக் கவனியுங்கள். மிகக் கீழே பிடித்திருப்பீர்கள்.

கல்லடியிலிருந்து வந்த மாணவர் ஒருவர், வீட்டுக் கிணற்று நீர் சற்று உவர் என்பதால் அது காய்ச்சிவடித்த நீரைவிடப் பலமடங்கு வளையும் என்று உறுதியாக நம்பி, இரண்டு போத்தல்களோடு வந்தார். அட்டையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழுந்தன. மூன்று முறை செய்தும் மாறவில்லை. காய்ச்சிவடித்த நீருக்கே ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைந்த நேரம் போதுமானதாக இருக்கையில், உப்பு அதை இன்னும் விரைவாக்கினாலும் அட்டையில் அது தெரிய வழியில்லை என்பதை அவரே கணக்கிட்டுக் கண்டார்.

வேலை முடிந்ததும் எட்சேன், மண்ணெண்ணெய், அசற்றோன் ஆகியவற்றைத் தொட்டிக்குள் ஊற்றாமல், பெயரெழுதிய கண்ணாடிப் போத்தல்களில் வெவ்வேறாகச் சேர்த்து மூடி வைக்க வேண்டும். கோலை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, அதிலிருக்கும் ஏற்றத்தை நீக்கிய பின்னரே அந்தப் போத்தல்களின் பக்கம் போக வேண்டும்.